மாதத்தில் ரெண்டு நாள்தானே?

ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகன் ஒன்பதாம் வகுப்பு, சுமாராக நல்லாவே படிக்கிறவன். விசைப்படகு கரைக்கு வரும் காலையில் அப்பாவுக்குக் கைவேலைக்கு ஆள் பத்தாதபோது மாதம் ஒரு நாள், ரெண்டு நாள் நின்றுவிடுகிறான். வகுப்பாசிரியர் ஓயாமல் போன் போடுகிறார். "மார்க் வாங்குகிற பிள்ளைக்கு இவ்வளவு கெடுபிடி எதற்கு சார்? வருகைக்கும் தேர்ச்சிக்கும் நிஜமாகவே சம்பந்தம் இருக்கிறதா, இல்லை ரிஜிஸ்டரை நிரப்பத்தானா?" என்பது கேள்வி. கூடவே, பிளஸ் ஒன்னில் பாதியில் நின்று மீன்பிடிப் படகுக்குப் போய்விட்ட அண்ணன் மகனுக்கு இனி வழி உண்டா என்றும் கேட்கிறார்.

சம்பந்தம் இருக்கிறது அம்மா, நிறையவே இருக்கிறது. ஆனால் ஊரில் பேசிக்கொள்கிற விதத்தில் இல்லை. 75 சதவீதம் இருந்தால் போதும், பரீட்சை எழுத விட்டுவிடுவார்கள் என்று ஒரு பேச்சு உலவுகிறது. 220 வேலைநாளில் 75 சதவீதம் என்றால் 55 நாள் லீவு போடலாம் என்றாகிவிடும். அவ்வளவு நாள் போனபிறகு ஹால் டிக்கெட் கையில் இருந்து என்ன பயன்? சேதாரம் அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது.

முதலில் உங்கள் "ஒரு நாள், ரெண்டு நாள்" கணக்கையே எடுத்துக்கொள்வோம். மாதம் இரண்டு நாள் என்றால் பத்து மாதத்துக்கு 20 நாள். 200 நாள் பள்ளி நடந்தால் அது 10 சதவீதம். அமெரிக்காவில் இந்த 10 சதவீதத்தைத்தான் நாள்பட்ட வருகைக்குறைவு என்று வரையறுத்து வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டிய பிள்ளைகளைத் தனியாகக் கவனிக்கிறார்கள். வீட்டில் கேட்டால் "எப்போதோ ஒரு நாள்" என்பார்கள். பதிவேட்டைத் திருப்பினால்தான் அது இருபதைத் தொட்டிருப்பது தெரியும்.

இது நம் ஊர்ப் பெற்றோரின் குறை என்று நினைக்காதீர்கள். ஃபிலடெல்ஃபியா நகரத்தில் டாட் ராஜர்ஸ், அவி ஃபெல்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்து 2018-ல் வெளியிட்டார்கள். தங்கள் பிள்ளை எத்தனை நாள் போகவில்லை என்பதைப் பெற்றோர் பெரிதும் குறைத்தே நினைத்துக்கொண்டிருந்தார்கள். வேறு எந்த அறிவுரையும் பெரிதாக இல்லாமல், "உங்கள் பிள்ளை இதுவரை இத்தனை நாள் வரவில்லை" என்ற கணக்கைத் தபாலில் அனுப்பிவைத்தார்கள். நாள்பட்ட வருகைக்குறைவு பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கியது. ஆகவே வகுப்பாசிரியரிடம் கோபப்படுவதற்கு முன்னால் ஒரு நாள் நேரில் போய், ஜூனிலிருந்து மகனின் வரிசையை மட்டும் காட்டச் சொல்லுங்கள். முற்பகல், பிற்பகல் என்று இரண்டு கட்டம் இருக்கும். எந்தக் கிழமைகளில் விழுந்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இங்கே விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் காலையில் திரும்புகிறவை. செவ்வாயும் வியாழனும் சிவப்பாக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

கிழமை ஏன் முக்கியம்? பள்ளியின் கால அட்டவணை வாரத்துக்கு வாரம் மாறுவதில்லை. செவ்வாய் முதல் பீரியட் கணக்கு என்றால் பையன் பள்ளியில் இழப்பது பத்தில் ஒரு பங்கு, செவ்வாய்க் கணக்கு வகுப்புகளில் இழப்பது பாதி வரை போகலாம். ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்தில் காரணிப்படுத்துதல் வருகிறது. அதை நடத்துகிற நாட்களில் இரண்டு நாள் இல்லாமல் போனவன் அந்த மாதப் பரீட்சையில் ஐந்தாறு மார்க்கைத்தான் இழப்பான். வீட்டில் யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாடு வரும்போது ஆசிரியர் காரணிப்படுத்துவதைத் தெரிந்ததாக வைத்துக்கொண்டு ஒரே வரியில் தாண்டிப் போய்விடுவார். அங்கே உட்கார்ந்திருப்பவனுக்குத் தான் எங்கே கோட்டைவிட்டோம் என்றே தெரியாது. "எனக்குக் கணக்கு வராது" என்று சொல்லத் தொடங்குவான். இந்தப் பேச்சை ஆரம்பிக்கிற பையன்களில் பாதிப் பேருக்குக் கணக்கு வரத்தான் செய்யும். சில குறிப்பிட்ட நாட்கள்தான் வரவில்லை.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி ஆய்வு மையத்தில் எலைன் ஆலன்ஸ்வொர்த்தும் ஜான் ஈஸ்டனும் அந்த நகரத்துப் பள்ளிகளை வைத்து 2007-ல் ஓர் அறிக்கை தந்தார்கள். உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் வேறு இல்லை. அங்கே ஒன்பதாம் வகுப்பு என்பது உயர்நிலைப் பள்ளியின் முதல் வருஷம். ஒரு பருவத்தில் (அங்கே அரை வருஷம்) ஒரு வாரத்துக்கும் குறைவாக லீவு போட்ட ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் பள்ளிப்படிப்பை முடித்தார்கள். எட்டாம் வகுப்பில் அவர்கள் என்ன மார்க் வாங்கியிருந்தாலும் அப்படித்தான். எட்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கிவிட்டு ஒன்பதில் பருவத்துக்கு இரண்டு வாரம் தவறவிட்டவர்கள், குறைந்த மார்க்கோடு வந்து ஒரு வாரம் மட்டும் தவறவிட்டவர்களைவிட அதிகமாகப் பாடங்களில் தோற்றார்கள். ஒன்பதில் யார் பாடத்தில் தோற்பார் என்று கணிக்க, எட்டாம் வகுப்பு மார்க்கைவிட வருகை எட்டு மடங்கு பொருத்தமாக இருந்தது. "மார்க் வாங்குகிற பிள்ளைதானே" என்ற உங்கள் தைரியத்தின் மேல்தான் அந்த அறிக்கை கை வைக்கிறது.

சிகாகோ எங்கே, பாம்பன் எங்கே என்று கேட்கலாம். ஆனால் ஒன்பதாம் வகுப்பு என்ற இடம் நமக்கும் அதே ஆபத்தான கட்டம்தான். இங்கே எட்டாம் வகுப்பு வரை யாரையும் பெயிலாக்கி நிறுத்துவதில்லை. அது நல்ல ஏற்பாடுதான், நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் அதில் ஒரு பக்கவிளைவு உண்டு: ஆறு, ஏழு, எட்டில் போட்ட லீவுக்கெல்லாம் அப்போதே பலன் தெரியாது. வீட்டில் "போகாவிட்டாலும் பாஸ்தானே" என்று பழகிவிடும். மூன்று வருஷத்து ஓட்டையெல்லாம் ஒன்பதில் ஒன்றாகத் தெரியும். பல குப்பங்களில் ஊர்ப்பள்ளி எட்டோடு முடிந்துவிடுவதால், அதே வருஷம்தான் பஸ் ஏறி வேறு பள்ளிக்குப் போகவேண்டிய வருஷமும். புது ஆசிரியருக்குப் பையனின் அப்பா யார், வீடு எது என்று தெரியாது. பழைய பள்ளியில் சமையலம்மாவே வீட்டுக்கு ஆள் அனுப்பியிருப்பார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. வருகை குறைந்தால் தேர்ச்சி குறையும் என்று காட்டுகிற புள்ளிவிவரங்களில் எல்லாம், வருகைக்குறைவு ஓரளவு காரணம், ஓரளவு அறிகுறி. அப்பா இலங்கைச் சிறையில் இருக்கிற பிள்ளை பள்ளிக்கும் வராது, வந்தாலும் மனம் பாடத்தில் நிற்காது. இரண்டுக்கும் காரணம் வீட்டு நிலைமை. பிள்ளையை இழுத்து வந்து பெஞ்சில் உட்காரவைத்தால் மட்டும் மார்க் ஏறிவிடாது. கென்யாவில் எட்வர்டு மிகுவேலும் மைக்கேல் கிரெமரும் செய்த ஆய்வு இதற்குச் சாட்சி. பள்ளிகளில் குடற்புழு மாத்திரை கொடுத்தார்கள். பிள்ளைகள் வராமல் இருப்பது கால்பங்கு குறைந்தது. ஆனால் பரீட்சை மார்க்கில் அதற்கேற்ற உயர்வு தெரியவில்லை. வருகிற பிள்ளைக்கு வகுப்பில் ஏதாவது கிடைக்க வேண்டும்.

ஆசிரியரின் வருகையும் இதில் சேர்த்திதான். ராஜஸ்தானில் உதய்பூர் பக்கத்துக் கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகளில் பொருளாதார ஆய்வாளர் எஸ்தர் டுஃப்லோவின் குழுவினர் ஆசிரியர் கையில் கேமராவைக் கொடுத்து, தேதி பதிந்த படத்துக்கு ஏற்பச் சம்பளம் என்று வைத்தார்கள். ஆசிரியர்கள் வராத நாட்கள் பாதியாகக் குறைந்தன, பிள்ளைகளின் மார்க்கும் ஏறியது. கடைசி பஸ்ஸைப் பிடிக்க மூன்றரைக்கே வாசலைப் பார்க்கிற ஆசிரியர் இருக்கும் பள்ளியில், பெற்றோரை மட்டும் குறை சொல்வது எனக்கு உடன்பாடில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. கேட்கலாம்.

சரி, பள்ளிகள் சொல்லும் கணக்குக்கு வருவோம். "எங்கள் பள்ளியில் சராசரி வருகை 90 சதவீதம்" என்பார் தலைமையாசிரியர். 30 பேர் வகுப்பு, 200 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 90 சதவீதம் என்றால் மொத்தம் 600 நாள் விடுபட்டிருக்கிறது. முப்பது பேரும் ஆளுக்கு 20 நாள் வராமல் இருந்தாலும் அதே 90 தான். 24 பேர் ஒரு நாள்கூட விடாமல் வந்து, மீதி ஆறு பேர் ஆளுக்கு 100 நாள் வராமல் இருந்தாலும் அதே 90 தான். இரண்டாவது வகுப்பில் அந்த ஆறு பேர் படிப்பை முடிக்கப் போவதில்லை. சராசரி அதை மூடி மறைத்துவிடும்.

தேர்ச்சி சதவீதமும் அப்படித்தான். மே மாதம் பள்ளி வாசலில் "நூற்றுக்கு நூறு தேர்ச்சி" என்று பேனர் கட்டுகிறார்கள், சந்தோஷம்தான். ஆனால் அது பரீட்சை எழுதியவர்களில் எத்தனை பேர் என்ற கணக்கு. ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் அந்தப் பரீட்சை வரை வந்தார்கள் என்று எந்தப் பேனரும் சொல்லாது. 2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்த் தேர்வு அன்று மாநிலம் முழுக்க ஏறத்தாழ 50,000 பேர் வரவில்லை என்ற செய்தி நினைவிருக்கிறதா? திடீரென்று ஒரே நாளில் 50,000 பேருக்கு என்ன ஆயிற்று என்று எல்லோரும் கேட்டார்கள். அது திடீரென்று நடந்ததே இல்லை. அவர்கள் கொரோனாவால் பத்தாம் வகுப்பில் பரீட்சை இல்லாமலே தேர்ச்சி பெற்ற வருஷத்துப் பிள்ளைகள். பலர் வகுப்புக்கு வருவதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள், பெயர் மட்டும் பதிவேட்டில் ஓடிக்கொண்டிருந்தது. பரீட்சை நாள் அதை வெளியே காட்டியது, அவ்வளவுதான்.

நம் கரையில் பிள்ளை ஏன் நிற்கிறது என்பதைப் பதிவேட்டிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது, வீட்டின் தொழிலைப் பார்க்க வேண்டும். உங்கள் தீவில் ஒரு காரணம் என்றால் சாயல்குடியில் வேறு. நரிப்பையூர்ப் பக்கம் மாசி, பங்குனியில் பாளை சீவத் தொடங்கினால் குடும்பத்தோடு பனங்காட்டு விடிலிக்கு, அதாவது பதநீர் காய்ச்சும் குடிசைக்கு, குடிபோய்விடுவார்கள். பதநீர் காய்ச்ச விறகு பொறுக்க, அடுப்பைப் பார்க்க ஆள் வேண்டும். ஆண்டுத் தேர்வும் அதே மாதங்களில்தான். பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கிற பெண்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வற்றுகிற நாட்களில் விடியற்காலையே கிளம்பிவிடுவார்கள். அன்றைக்குக் கைப்பிள்ளையைப் பார்ப்பது யார்? மூத்த பெண்பிள்ளைதான். அவள் வராத நாட்களைக் காலண்டரில் குறித்துப் பாருங்கள், பிறை பார்த்தது போல இருக்கும். உள்ளே தள்ளிய ஊர்களில் குழாயில் தண்ணீர் வராத நாளில் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு போவதும் அவள்தான். வாடைக்காலத்தில் வடகடல் கொந்தளித்தால் சில நாட்டுப்படகுக்காரர்கள் தென்கடல் பக்கம் மாறுவார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளின் பள்ளியும் அந்த மாதங்களில் அந்தரத்தில்தான்.

பையன்கள் விஷயத்தில் இன்னொன்று உண்டு, அதைப் பெற்றோர் வெளியே சொல்வதில்லை. கைக்காசு. பதினைந்து வயதில் படகில் ஒரு தங்கல், அதாவது இரவும் கடலிலேயே தங்கும் மீன்பிடிப் பயணம், போய்வந்து பங்கு வாங்கிவிட்டவனைத் திங்கட்கிழமை பெஞ்சில் உட்காரவைப்பது லேசான காரியம் இல்லை. இதில் கட்டாயப்படுத்தி அனுப்புகிற அப்பாக்களைவிட, "அவனே ஆசையாக வருகிறான்" என்று விட்டுவிடுகிற அப்பாக்கள்தான் அதிகம். உங்கள் மகன் இப்போது கரைவேலையோடு நிற்கிறான். கடலுக்குள் ஒரு தடவைகூட இப்போது அனுப்பாதீர்கள் என்பது என் கண்டிப்பான கருத்து. 14 வயதுக்குக் குறைந்தவர்கள் குடும்பத் தொழிலில் உதவுவதைக்கூடச் சட்டம் பள்ளி நேரத்துக்கு வெளியே, விடுமுறையில் மட்டும்தான் அனுமதிக்கிறது.

காலம் பார்த்துச் செயல்பட வேண்டிய மாதம் ஜூன். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். பள்ளி திறந்து கொஞ்ச நாளிலேயே படகுகள் இறங்கிவிடும். ஐஸ் ஏற்ற, வலை ஏற்ற எல்லா வீட்டிலும் ஆள் தேவை. "முதல் வாரம் புத்தகம்தான் கொடுப்பார்கள், பாடம் நடத்த மாட்டார்கள்" என்று சமாதானம் சொல்லிக்கொள்வோம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் பார்த்தபோது, பள்ளி ஆண்டின் தொடக்கத்தில், செப்டம்பர் மாதத்தில், 2 முதல் 4 நாள் வரை தவறவிட்ட பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த ஆண்டு முழுவதிலும் ஏறத்தாழ ஒரு மாதம் தவறவிட்டிருந்தார்கள். தொடக்க மாதத்திலேயே ஆண்டின் போக்கு தெரிந்துவிடுகிறது. ஜூலை முதல் வாரத்தில் பள்ளியில் வகுப்புவாரியாக ஒரு தாள் எடுத்து, ஜூனில் மூன்று நாளுக்கு மேல் வராதவர்கள் பெயரை மட்டும் எழுதினால் போதும். அரையாண்டுத் தேர்வு வரை காத்திருக்கத் தேவையில்லை.

நீங்கள் வீட்டில் என்ன செய்யலாம்? செவ்வாய், வியாழன் காலையில் வேறு வழியே இல்லையென்றால், அன்று முழுநாள் நிறுத்தாமல் பத்தரைக்காவது அனுப்புங்கள். நனைந்த சட்டையோடு போக வெட்கப்படுவான், ஒரு யூனிஃபார்மை எடுத்து வையுங்கள். முற்பகல் வருகை போனாலும் பிற்பகல் கட்டம் நிரம்பும். அதைவிட முக்கியம், அன்றைய பாடம் என்ன என்பது அவனுக்கு அன்றே தெரிந்துவிடும். தாமதமாக வருகிறவனை வாசலில் நிற்கவைக்கிற வழக்கம் அந்தப் பள்ளியில் இருந்தால் தலைமையாசிரியரிடம் பேசி முதலில் அதை மாற்றுங்கள். நிற்கவைத்த பையன் அடுத்த முறை தாமதமாக வரமாட்டான், வரவே மாட்டான்.

திரும்பி வருகிற நாளைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. வராத நாளைவிட அந்த நாள்தான் சிக்கலானது என்பேன். நோட்டில் இரண்டு பக்கம் வெற்றாக இருக்கும். "போன கிளாஸ்லயே சொல்லிட்டேன்" என்று ஆசிரியர் நகர்ந்துவிடுவார். வீட்டுப்பாடம் என்னவென்றே தெரியாமல் திட்டு வாங்குவான். மறுநாள் வயிற்றுவலி வந்துவிடும். வேலைக்காக நின்றது ஒரு நாள், வெட்கத்தில் நின்றது இரண்டு நாள். அதே தெருவில் இருக்கிற ஒரு பையனை நோட்டுத் துணையாக வைத்துவிட்டால், அன்று மாலையே நடத்தியதைப் போன் கேமராவில் எடுத்து அனுப்பிவிடுவான். இதற்கு எந்தத் திட்டமும் அரசாணையும் வேண்டாம்.

முழு வருகைக்குச் சான்றிதழ், கேடயம் எல்லாம் நல்லதுதானே என்று சில பள்ளிகள் கேட்கும். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. கலிஃபோர்னியாவில் அப்படி முன்னறிவிப்பில்லாமல் விருது அனுப்பிப் பார்த்தபோது, விருது வாங்கிய பிள்ளைகள் அதற்குப் பின் கொஞ்சம் கூடுதலாகவே லீவு போட்டார்கள். மற்றவர்களைவிட நாம் அதிகம் வந்துவிட்டோம் போலிருக்கிறது என்று தோன்றியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். இங்கே அதைவிடப் பெரிய ஆபத்து, காய்ச்சலோடு வந்து வகுப்புக்கே ஒட்டவைக்கும் பிள்ளை.

சோறு போடுவது பலன் தருகிறது, அதில் தமிழ்நாட்டுக்கு நீண்ட அனுபவம் உண்டு. 1956-ல் காமராஜர், 1982-ல் எம்.ஜி.ஆர்., 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவு என்று வரிசை. ஆனால் காலை உணவு தொடக்கப் பள்ளியோடு நிற்கிறது, சத்துணவு பத்தாம் வகுப்போடு நிற்கிறது. பிளஸ் ஒன்னில் சைக்கிள் கிடைக்கிறது, மதியச் சாப்பாடு போய்விடுகிறது. விடியற்காலை கடலுக்குப் போகிற வீடுகளில் யார் டிபன் பாக்ஸ் கட்டுவது என்ற சின்னக் கேள்வி பிளஸ் ஒன் வருகையில் எவ்வளவு வேலை செய்கிறது என்பது அந்த வகுப்பாசிரியர்களுக்குத் தெரியும்.

அப்புறம் உங்கள் அண்ணன் மகன். பத்தாம் வகுப்பு தேர்ச்சி பெற்றிருந்தால் வாசல் அடைபடவில்லை. முதலில் பழைய பள்ளியில் டி.சி. கொடுத்துவிட்டார்களா, பெயர் இன்னும் எமிஸ் என்ற கல்வித்துறைக் கணினிப் பதிவேட்டில் அங்கேயே இருக்கிறதா என்று கேளுங்கள். பெயர் இருந்தால் தலைமையாசிரியரைப் பார்த்துப் பேசி அப்படியே உட்காரலாம். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார மனமில்லை என்றால், அதுவும் நியாயமான கூச்சம்தான், அரசு ஐ.டி.ஐ.யைப் பாருங்கள். டீசல் மெக்கானிக், வெல்டர், ஃபிட்டர் எல்லாம் படகு இன்ஜின் தெரிந்தவனுக்கு அந்நியமாக இருக்காது. அங்கே இரண்டு வருஷப் படிப்பை முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்குத் தகுதி இருக்கிறதா என்றும் சேரும்போதே விசாரியுங்கள். ஐ.டி.ஐ. சேர்க்கை கோடையில் நடக்கும், படகெல்லாம் கரையில் நிற்கிற சமயம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார் நாலையும் மே மாதத்துக்குள் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஜூன் 15-க்குப் பிறகு அவனைக் கரையில் பிடிப்பது கஷ்டம்.